அழைப்பும் வழக்குரையும்: யாயெல் பர்த்தானாவின் காணொளிகளில் யூத நாட்டார் கதையின் மீட்டுருவாக்கம்

முன்னுரை

வாய்மொழியாக வழங்கிய கதைகள் அச்சிலும் மேடையிலும் திரைப்படத்திலும் புதுவடிவம் கொள்வதை நாட்டார் வழக்காற்றியல் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. கலைக்கூடங்களில் திரையிடப்படும் காணொளிக் கலை இவ்வரிசையில் பிற்காலத்தே வந்து சேர்ந்த ஊடகமாகும். திரைப்படத்தைப்போல ஒரு கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லியாகவேண்டிய கட்டாயம் இதற்கு இல்லை. பார்வையாளர் இடையில் வரலாம், இடையில் போகலாம். எனவே காணொளிக் கலையில் ஒரு நாட்டார் கதை மீண்டும் தோன்றும்போது பெரும்பாலும் அதன் சில கூறுகள் மட்டுமே தோன்றுகின்றன. எக்கூறு எடுக்கப்பட்டது, எக்கூறு விடப்பட்டது என்று காண்பதே இவ்வகைப் படைப்பைத் திறனாய்வதற்குரிய முதற்படி எனலாம்.

1970இல் இசுரேலில் பிறந்த காணொளிக் கலைஞர் யாயெல் பர்த்தானா 2007 முதல் 2011 வரை போலந்தில் உருவாக்கிய மூன்று காணொளிகளை இக்கட்டுரை ஆய்வுப்பொருளாகக் கொள்கிறது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே வழங்கிய ‘திப்புக்’ என்னும் ஆவிக்கதை மரபு இவற்றில் எவ்வாறு மறுஆக்கம் பெறுகிறது என்பதே ஆராயப்படும் வினா. இக்காணொளிகளை அரசியல் கலை என்ற நிலையிலேயே பலரும் அணுகியுள்ளனர். இவற்றைத் திப்புக் கதையோடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் வாசிப்பு. கலைஞர் அவ்வாறு அறிவித்தார் என்பது இதன் பொருளன்று. இருப்பினும் அப்பொருத்தம் வலிந்து கொள்ளப்பட்டதன்று என்பதைக் கதைக்கூறுகளே காட்டும்.

திப்புக்: சொல்லும் மரபும்

‘திப்புக்’ என்பது ‘ஒட்டிக்கொள்’, ‘பற்றிக்கொள்’ என்னும் பொருளுடைய எபிரேய வேரிலிருந்து பிறந்த சொல். இறைவனோடு உயிர் ஒன்றிநிற்கும் நிலையைக் குறிக்கும் ‘தெவேகுத்’ என்ற சொல்லும் அதே வேரினது. தமிழில் ‘பற்று’ என்னும் சொல் உலகியல் பிணிப்பையும் இறைவன்பால் கொள்ளும் பிணிப்பையும் ஒருங்கே சுட்டுவதை அறிந்தவர்க்கு இவ்விரட்டைத் தன்மை எளிதில் விளங்கும். பற்றுவது ஒன்றே; யார் யாரைப் பற்றுகின்றனர் என்பதே அருளையும் துன்பத்தையும் பிரிக்கிறது.

இறந்தவரின் ஆவி உயிருடன் இருப்பவரின் உடலில் புகுந்து, அவர் வாயால் பேசும் என்பது இந்நம்பிக்கையின் சாரம். 16ஆம் நூற்றாண்டில் சபெத் நகரில் வாழ்ந்த கபாலா ஞானி இசாக் லூரியா, அவர் மாணவர் ஹயிம் விட்டால் ஆகியோரின் வட்டத்தில் உயிர்களின் கூடுவிட்டுக் கூடு பாயும் கொள்கை விரிவாக வளர்ந்தது. ஆவியோட்டல் பற்றிய பதிவுகளும் அவ்வட்டத்திலிருந்து கிடைக்கின்றன. 1602இல் பாசெல் நகரில் அச்சான ‘மைசே புக்’ என்னும் யித்திஷ் கதைத்தொகுப்பிலும் இத்தகைய கதை உண்டு. ‘திப்புக்’ என்னும் பெயர் நிலைபெறுவதற்கு முன் ‘தீய ஆவி’ என்னும் பொதுப்பெயரே பெரிதும் வழங்கியது.

இப்பதிவுகளில் ஓர் அமைப்பு மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். ஆவியை ஓட்டுவதற்கு முன் அதனை வினவுகிறார்கள். உன் பெயர் என்ன, நீ எவ்வாறு இறந்தாய், என்ன குற்றம் செய்தாய், ஏன் இவ்வுடலில் புகுந்தாய் என்று கேட்கிறார்கள். ஆவி விடை கூறுகிறது. அதன் பின்னரே, உடலுக்குக் கேடு விளையாத வகையில், கால் சிறுவிரல் வழியாக வெளியேறும்படி ஆணையிடப்படுகிறது. வெளியேற்றம் கதையின் இறுதி. அதன் நடுப்பகுதி விசாரணை. ஆவி அஞ்சத்தக்கது என்பதோடு, கேட்கப்படவேண்டிய ஒரு தரப்பு என்பதும் இம்மரபின் உள்ளீடாகும்.

களஆய்விலிருந்து மேடைக்கு

இக்கதை மரபை உலகறியச் செய்தவர் அன்-ஸ்கி என்னும் புனைபெயரால் அறியப்பட்ட ஷ்லோய்மே சான்வில் ராப்போபோர்ட் (1863-1920). ருசியப் பேரரசின் வோலீனியா, பொதோலியா பகுதிகளில் 1912 முதல் 1914 வரை அவர் தலைமையில் நடந்த நாட்டார் வழக்காற்றுக் களஆய்வு குறிப்பிடத்தக்கது. கதைகள், பாடல்கள், வழிபாட்டுப் பொருள்கள், ஒளிப்படங்கள், மெழுகு உருளையில் பதிந்த இசை எனப் பலவும் திரட்டப்பட்டன. கருவுறுதல் தொடங்கிச் சாவுக்கு அப்பாலான நம்பிக்கைகள் வரை விரியும் 2,087 வினாக்கள் கொண்ட வினாநிரலையும் அவர் தொகுத்தார். உலகப் போரினால் களஆய்வு தடைப்பட்டது. தொகுப்பின் பயனாக விளைந்த படைப்பே ‘இரு உலகங்களுக்கிடையே’ என்னும் மறுபெயருடைய ‘திப்புக்’ நாடகம். ஆசிரியர் இறந்து ஒரு திங்களுக்குப் பின், 1920 டிசம்பரில், வில்னா நாடகக் குழு அதனை வார்சாவில் அரங்கேற்றியது. 1922இல் மாஸ்கோவின் ஹபீமா குழு வக்தாங்கோவ் நெறியாள்கையில் எபிரேயத்தில் நிகழ்த்தியது. 1937இல் மிஹாவ் வாஷின்ஸ்கி போலந்தில் யித்திஷ் திரைப்படமாக்கினார்.

நாடகக் கதையின் சுருக்கம் இங்கு இன்றியமையாதது. செந்தெர், நிஸ்ஸன் என்னும் இளைஞர் இருவர் தமக்குப் பிறக்கும் பிள்ளைகளை மணம் செய்விப்பதாக வாக்களித்துக்கொள்கின்றனர். நிஸ்ஸன் இறக்கிறான். செல்வனாகிவிட்ட செந்தெர் வாக்கை மறந்து, தன் மகள் லேயாவுக்குச் செல்வர் வீட்டு மணமகனைத் தேடுகிறான். நிஸ்ஸனின் மகன் ஹோனென் வறிய மாணவன், லேயாவை விரும்பியவன், மறைஞானப் பயிற்சியில் எல்லை கடந்து மாள்கிறான். மணநாளில் அவன் ஆவி லேயாவுள் புகுந்து அவள் வாயால் பேசுகிறது.

இதில் மூன்று கூறுகள் இக்கட்டுரைக்கு முதன்மையானவை. முதலாவது அழைப்பு. மணப்பெண் இடுகாட்டுக்குச் சென்று இறந்த பெற்றோரைத் திருமணத்துக்கு அழைப்பது அச்சமூகத்தின் வழக்கம். லேயா தன் தாயை அழைக்கச் செல்கிறாள், ஹோனெனையும் அழைத்துவிடுகிறாள். ஆவி தானே புகுந்ததாகத் தோன்றினும் அதற்குமுன் ஓர் அழைப்பு இருந்தது. இரண்டாவது பேச்சு: ஒருவர் வாயில் இன்னொருவர் குரல். மூன்றாவது வழக்குரை. மிரோபோல் ஊரின் ஞானகுரு அஸ்ரியேல் ஆவியை உடனே ஓட்டிவிடவில்லை. இறந்துபோன நிஸ்ஸன் கனவில் வந்து செந்தெர்மீது முறையிட்டதாக நகரத்துக் குரு கூறியதும், மறைநூல்நெறி மன்றம் கூட்டப்படுகிறது. இறந்தவன் நிற்பதற்கென ஒரு மூலை திரையிட்டு ஒதுக்கப்படுகிறது. ‘ரிஃப்கேயின் மகன் நிஸ்ஸன்’ என்று தாயின் பெயர் சார்த்தி அவன் அழைக்கப்படுகிறான். செந்தெர் தன் செல்வத்தில் பாதியை ஏழைகளுக்கு வழங்கவேண்டும். இறந்த இருவருக்கும் ஆண்டுதோறும் இறைவேண்டல் செய்யவேண்டும் என்பது தீர்ப்பு. இறந்தவனோ மன்னித்ததாகச் சொல்லவில்லை. தீர்ப்புக்கு ‘ஆமென்’ என்றும் கூறவில்லை. இந்த மௌனமே நாடகத்தின் முடிவைத் தீர்மானிக்கிறது.

அழைப்பு, பேச்சு, வழக்குரை என்னும் இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு பர்த்தானாவின் மூன்று காணொளிகளையும் இனி நோக்கலாம்.

ரிஃப்கேயின் மெத்தைப்போர்வை

முதற் காணொளி ‘மாரி கோஷ்மாரி’ (2007). ஏறத்தாழ 11 நிமிட அளவினது. வார்சாவின் ‘பத்தாண்டு நினைவு விளையாட்டரங்கம்’ புல் மண்டிக் கிடக்கிறது. போரில் இடிந்த நகரின் இடிபாடுகளைக் குவித்து 1955இல் எழுப்பப்பட்ட அரங்கம் அது. பின்னாளில் சந்தையாகிச் சிதைந்து, 2008 முதல் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் புதிய தேசிய விளையாட்டரங்கம் எழுந்தது. ஆளற்ற அவ்வரங்கத்தில் ஓர் இளைஞர் நுழைந்து ஒலிபெருக்கி முன் நின்று உரையாற்றுகிறார். அவர் நடிகர் அல்லர்; போலந்தின் இடதுசாரி இதழாசிரியர் ஸ்லாவோமிர் சியெராகோவ்ஸ்கி. கேட்பவர்கள் சாரணர் உடையணிந்த சிறுவர் சிலரே.

‘யூதர்களே, திரும்பி வாருங்கள்’ என்பதே உரையின் சாரம். போருக்கு முன் போலந்தில் வாழ்ந்த யூதர் தொகை 33 இலட்சம். அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் நாத்சிகளால் கொல்லப்பட்டனர். அந்த 33 இலட்சம் பேரையும் திரும்பிவரச் சொல்கிறார் பேச்சாளர். எண்ணிக்கையே அழைக்கப்படுபவர் யார் என்பதைக் காட்டிவிடுகிறது. இன்று உயிரோடு வேறு நாடுகளில் வாழ்பவர்களை மட்டும் அழைப்பதானால் அவ்வெண் தேவையில்லை. அழைக்கப்படுபவருள் பெரும்பாலோர் இறந்தவர்கள். இடுகாட்டில் நின்று லேயா செய்த அழைப்பு இடிபாட்டு மேட்டில் மீண்டும் நிகழ்கிறது என்று இதனைக் கொள்ளலாம்.

உரையின் மையத்தில் ஒரு கதைத்துணுக்கு உள்ளது. ரிஃப்கே என்னும் யூதப் பெண்ணின் மெத்தைப்போர்வையைப் போர்த்தி ஒரு போலியக் கிழவி இன்றும் உறங்குகிறாள். ரிஃப்கே இல்லாமற்போன அன்றிரவு கிழவியின் தாய் அப்போர்வையை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கிழவிக்குக் கெட்ட கனவுகள். அவற்றை விரட்ட உங்களால் மட்டுமே முடியும் என்று பேச்சாளர் இறைஞ்சுகிறார். காணொளியின் தலைப்பிலுள்ள ‘மாரி’ என்னும் சொல்லும் இங்குக் கருதத்தக்கது. ‘மாரா’ என்பது ஸ்லாவிய நாட்டார் நம்பிக்கையில் உறங்குபவர் மார்பின்மீது அமர்ந்து அழுத்தும் இரவுத்தெய்வம். போலிய மரபின் மாராவும் யூத மரபின் திப்புக்கும் ஒரே போர்வைக்குள் சந்திக்கின்றன.

இங்கே நிகழும் மாற்றம் நுட்பமானது. மரபுக் கதையில் ஆவி உடலில் புகுகிறது. இங்கே அது ஒரு பொருளில் புகுந்திருக்கிறது. போர்வை என்பது ஒருவரின் உடலுக்கு மிக அணுக்கமான உடைமை. எனினும் அது உடைமைதான். திருமண வாக்கு மீறப்பட்டதால் ஆவி வந்தது என்பது பழைய கதை; உடைமை பறிக்கப்பட்டதால் ஆவி வந்தது என்பது புதிய கதை. முறையீட்டின் பொருளே மாறிவிட்டது. கொல்லப்பட்டவர்களின் வீடுகளிலும் உடைமைகளிலும் அண்டை அயலார் குடியேறிய வரலாற்றைப் பெரும் புள்ளிவிவரங்களால் அன்றி ஒற்றைப் போர்வையால் சுட்டுவது இக்காணொளியின் வலிமை.

ஆயினும் ஒன்றைச் சுட்டவேண்டும். மரபில் ஆவியை ஓட்டுவதற்காகக் குரு பேசுகிறார். இங்கோ ஆவியை வரவழைப்பதற்காகப் பேச்சாளர் பேசுகிறார். அதுவும் கிழவியின் துயர் தீர்வதற்காக. அழைப்பின் நோக்கம் அழைப்பவரின் நலமா, அழைக்கப்படுபவரின் நீதியா என்ற ஐயம் முதற் காணொளியிலேயே விதைக்கப்படுகிறது. கலைஞர் இதனை அறியாதவர் அல்லர். 1930களின் பிரசாரப் படங்களை நினைவூட்டும் கீழ்க்கோணப் படப்பிடிப்பும் வெறும் அரங்கில் எதிரொலிக்கும் குரலும் பேச்சை முழுதாக நம்பவிடாமல் தடுக்கின்றன.

மதிலும் காவற்கோபுரமும்

இரண்டாம் காணொளி ‘முர் இ வியெஜா’ (2009) அழைப்புக்கான விடையாக அமைகிறது. இளைஞர் பலர் வார்சாவின் முரானூவ் பகுதிக்கு வந்து மரப்பலகைகளால் மதிலும் காவற்கோபுரமும் கொண்ட குடியிருப்பு ஒன்றை எழுப்புகின்றனர். போர்க்காலத்தில் யூதர்கள் அடைத்துவைக்கப்பட்ட சேரி எல்லைக்குள் அமைந்த பகுதி அது. 1948இல் நிறுவப்பட்ட சேரி வீரர் நினைவுச்சின்னமும் அங்கேதான் உள்ளது. காணொளி படமாக்கப்பட்ட காலத்தில் வெற்றிடமாக இருந்த அவ்விடத்தில் போலந்து யூதர் வரலாற்று அருங்காட்சியகம் பின்னர் எழுந்தது.

‘மதிலும் கோபுரமும்’ என்பது 1936 முதல் 1939 வரை பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்த பலஸ்தீனத்தில் யூதக் குடியேறிகள் கையாண்ட கட்டட முறையின் பெயர். ஒரே நாளில் எழுப்பத்தக்க முன்செய்த பாகங்களைக் கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட குடியேற்றங்கள் இவ்வாறு அமைக்கப்பட்டன. அரபு மக்களோடு மோதல் வலுத்த காலம் அது. நிலத்தை விரைந்து கைப்பற்றிக் காப்பதே அம்முறையின் நோக்கம். அவ்வடிவத்தைப் பர்த்தானா வார்சாவுக்குக் கொண்டுவருகிறார். கட்டி முடிந்து முள்வேலி சுற்றப்பட்டதும், மகிழ்ச்சியோடு எழுந்த குடியிருப்பு தடுப்புமுகாமின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. உள்ளே இருப்பவர்கள் போலிய மொழிச் சொற்களைப் பயில்கின்றனர். வெளியே வழிப்போக்கர்கள் நின்று பார்க்கின்றனர்.

திப்புக் மரபின்படி நோக்கினால் இது புகுதல் நிகழும் கட்டம். ஆனால் புகுவது ஓர் ஆவியன்று, இரண்டு. நாத்சி முகாமின் நிழலும் பலஸ்தீனக் குடியேற்றத்தின் நிழலும் ஒரே கட்டடத்துள் சேர்ந்து புகுகின்றன. ‘திரும்பிவருதல்’ என்னும் சொல் பலஸ்தீன ஏதிலியருக்கும் உரிய சொல் என்பதைப் பார்வையாளர் இங்கு உணராமல் இருக்க இயலாது. ஒரு வீட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்டோர் உரிமை கோரும்போது எந்த ஆவி எவர் வாயால் பேசும் என்னும் சிக்கலைச் சொல்லால் அன்றிக் கட்டட வடிவத்தாலேயே எழுப்பியிருப்பது இக்காணொளியின் தனிச்சிறப்பு. மூன்று காணொளிகளிலும் கலைநிலையில் மிகச் செறிவானது இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஆவி பேசுகிறது

மூன்றாம் காணொளி ‘ஸமாஹ்’ (2011). தலைப்பு ‘படுகொலை முயற்சி’ எனப் பொருள்படும். ஏறத்தாழ 35 நிமிடங்கள் ஓடுவது. முதற் காணொளியின் பேச்சாளர் கொல்லப்பட்டுவிட்டார். அவர் உடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது, ஊர்வலம் செல்கிறது, அவருடைய மாபெரும் மார்பளவுச் சிலை திறக்கப்படுகிறது. இரங்கற் கூட்டத்தில் உண்மை மனிதர்கள் தத்தம் பெயரிலேயே பேசுகின்றனர். போலந்தில் பிறந்த இசுரேலிய எழுத்தாளர் அலோனா ஃபிராங்கெல் தம் போலியக் குடியுரிமையைத் திரும்பக் கேட்கிறார். இசுரேலிய ஊடகவியலாளர் யாரோன் லண்டன் மறுதரப்பில் நின்று பேசுகிறார்.

இக்கூட்டத்தினூடே தனித்து வருகிறாள் ரிஃப்கே. முதற் காணொளியில் போர்வைக்கு உரியவளாகப் பெயரளவில் வந்தவள், இங்கு உருவமும் குரலும் பெறுகிறாள். திரும்பிவருதலின் ஆவியாகத் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறாள். அன்-ஸ்கியின் மன்றத்தில் அழைக்கப்பட்ட நிஸ்ஸனும் ‘ரிஃப்கேயின் மகன்’ என்பதை இங்கே நினைவுகூரலாம். இப்பெயரொற்றுமை திட்டமிட்டதா, தற்செயலா என்பது முதன்மையன்று. ரிஃப்கே என்பது யித்திஷ் பேசியவரிடையே பெருவழக்கான பெயர். ஆயினும் இருவரும் நிறுத்தப்பட்ட இடங்கள் வேறுபடுவது கவனத்துக்குரியது. நிஸ்ஸன் நிறுத்தப்பட்டது திரையிட்ட மூலையில், வழக்காளியாக. அவன் சொல்லுக்கு எதிர்த்தரப்பு விடைகூறக் கடமைப்பட்டிருந்தது. ரிஃப்கே நிற்பது இரங்கற் கூட்டத்தில், பலருள் ஒரு பேச்சாளராக. அவள் சொல்லுக்கு எவரும் விடைகூறக் கடமைப்பட்டவர் அல்லர்.

முக்காணொளியின் குறைபாடு இவ்விடத்தில் வெளிப்படுகிறது. அழைப்பு முதற் பகுதியிலும், புகுதல் இரண்டாவதிலும், பேச்சு மூன்றாவதிலும் நிகழ்கின்றன. வழக்குரை மட்டும் நிகழவே இல்லை. அது இருந்திருக்கவேண்டிய இடத்தை அரசச் சடங்கு நிரப்பிவிடுகிறது. போர்வையை எடுத்தவள் யார் என்பது தெரியும், உரியவளும் வந்துவிட்டாள், ஆனால் போர்வை எங்கே என்று கேட்பவர் இல்லை. மேலும், துக்கம் காக்கப்படுவது ரிஃப்கேக்காக அன்று. அவளை அழைத்த தலைவனுக்காக. இறந்த இலட்சக்கணக்கானோரின் இடத்தில் ஒரே ஒருவரின் கற்சிலை உயர்கிறது. இயக்கங்கள் தம் தலைவரைத் தொன்மமாக்கும் போக்கினை எள்ளுவதே இதன் நோக்கம் என்று கூறலாம். அவ்வெள்ளல் உண்மைதான். ஆனால் எள்ளலின் பளுவில் ரிஃப்கேயும் நசுங்கிவிடுகிறாள் என்பதை மறுக்க இயலாது.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. 2011இல் இம்மூன்று காணொளிகளும் வெனிஸ் ஈராண்டுக் கலைவிழாவின் போலந்து அரங்கில் இடம்பெற்றன. போலந்துக் குடியினர் அல்லாத ஒருவர் அந்நாட்டின் அரங்கில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. அடுத்த ஆண்டு, 2012 மே திங்களில், காணொளியில் கற்பனையாக இருந்த ‘போலந்தில் யூத மறுமலர்ச்சி இயக்கம்’ பெர்லினில் உண்மையாகவே மாநாடு கூட்டியது. பல நாட்டினர் கலந்துகொண்டு கோரிக்கைகளை விவாதித்தனர். விடுபட்ட வழக்குரை திரைக்கு வெளியே நிகழ்ந்தது என்று இதனைக் கொள்ளலாமா? ஓரளவு கொள்ளலாம். எனினும் அங்கு விவாதிக்கப்பட்டவை பெரிதும் வருங்காலம் பற்றிய கோரிக்கைகள். வழக்கு என்பது நடந்துமுடிந்த ஒன்றைப் பற்றியது. இறந்தவர்க்கென ஒதுக்கிய மூலை அம்மாநாட்டின் அமைப்பில் இன்றியமையாததாக இருக்கவில்லை.

பிற மறுஆக்கங்களோடு ஒப்பீடு

இக்குறை பர்த்தானாவுக்கு மட்டும் உரியதன்று என்பதை இரண்டு படைப்புகள் காட்டும். மார்ச்சின் வ்ரோனா இயக்கிய ‘பேய்’ என்னும் போலியத் திரைப்படம் (2015) பியோத்ர் ரொவிட்ஸ்கியின் நாடகத்தைத் தழுவியது. அந்நாடகத்தின் தலைப்பே ‘ஒட்டிக்கொள்ளுதல்’ என்று பொருள்படுவது. திப்புக் என்னும் சொல்லின் வேர்ப்பொருள் அதில் அப்படியே நிற்கிறது. இங்கிலாந்திலிருந்து வரும் மணமகன், பெண்வீட்டார் தந்த பழைய வீட்டின் நிலத்தில் எலும்புக்கூடு ஒன்றைக் காண்கிறான். திருமண விருந்தின் நடுவே ஹனா என்னும் யூதப் பெண்ணின் ஆவி அவனுள் புகுந்து யித்திஷ் மொழியில் பேசுகிறது. மரபில் பெரும்பாலும் ஆண் ஆவி பெண்ணுடலில் புகும். இங்கு அது தலைகீழாகிறது. அம்மொழியை அறிந்தவர் விருந்தினருள் ஒரு முதிய யூத ஆசிரியர் மட்டுமே. கேட்க ஒருவர் இருந்தும் மன்றம் கூடவில்லை. காலையில் மாமனார், நடந்ததை எல்லோரும் மறந்துவிடவேண்டும் என்று விருந்தினரிடம் சொல்கிறார், மணமகன் மறைந்துபோகிறான், வீடு இடிக்கப்படுகிறது. இங்கும் வழக்குரை இல்லை. ஆனால் அது மறுக்கப்படுவதைப் படம் நேராகக் காட்டுகிறது. மறதியே தீர்ப்பாக வழங்கப்படும் அக்காட்சி, பர்த்தானாவின் இறுதிச் சடங்கைவிடக் கூர்மையானது எனலாம்.

இசுரேலியக் கலைஞர் ஸிகாலித் லாண்டாவின் ‘உப்பு மணமகள்’ (2014) ஒளிப்படத் தொடர். ஹபீமா மேடையில் லேயாவாக நடித்த ஹன்னா ரோவினா அணிந்த கறுப்பு உடையின் மறுபடி ஒன்று சாக்கடலில் அமிழ்த்தப்பட்டது. இரு திங்களுக்கும் மேலாக அதன்மீது உப்புப் படிந்து, கறுப்புத் துக்க உடை வெண்ணிற மணஉடையாக மாறும் நிலைகள் படமாக்கப்பட்டன. இங்கே அழைப்பும் இல்லை, பேச்சும் இல்லை, உடலும் இல்லை. உடை மட்டுமே எஞ்சுகிறது. அழகியல் நிலையில் இது நிறைவானது. அதே வேளையில் ஆவியின் குரல் முழுதும் அழகாக உறைந்துவிட்டது என்பதும் உண்மை.

பர்த்தானாவின் பிற்காலப் படைப்பாகிய ‘மல்கா கெர்மானியா’ (2021) பெர்லின் யூத அருங்காட்சியகத்தில் மூன்று திரைகளில் காட்டப்பட்டது. கழுதையோடு நகருள் வரும் மெசியா என்னும் மரபுப் படிமம் இங்குப் பெர்லினில் நிகழ்கிறது. தெருப்பெயர்கள் எபிரேயமாகின்றன. வான்சே ஏரியிலிருந்து இட்லரின் கட்டடக் கலைஞர் ஸ்பேயர் திட்டமிட்ட ‘கெர்மானியா’ நகர் மேலெழுகிறது. யூத இனஅழிப்பைத் திட்டமிட்ட 1942ஆம் ஆண்டுக் கூட்டம் நடந்தது அவ்வேரிக் கரையில்தான். மரபில் மெசியாவின் வருகை நீதியின் வருகையுமாகும். இங்கு மெசியா வருகிறார், புதைந்தவை எழுகின்றன, தீர்ப்பு வருவதில்லை. முன்னைய முக்காணொளியில் கண்ட போக்கே இதிலும் தொடர்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

முதலாவதாக, பர்த்தானாவின் முக்காணொளி திப்புக் மரபின் அழைப்பையும் பேச்சையும் தற்காலப் போலந்தில் ஆற்றலோடு மீட்டுருவாக்குகிறது. வாக்கு மீறல் என்னும் பழைய முறையீட்டின் இடத்தில் உடைமைப் பறிப்பு என்னும் புதிய முறையீட்டை வைத்தது அதன் தலையாய பங்களிப்பு. ரிஃப்கேயின் போர்வை அம்முறையீட்டின் சின்னமாகிறது.

இரண்டாவதாக, ஆவி ஒரே தரப்பினது என்னும் எளிய நிலையை இரண்டாம் காணொளி உடைக்கிறது. திரும்பிவருவோர் தம்மோடு கொண்டுவரும் நிழல்களையும் அது காட்டுகிறது.

மூன்றாவதாக, மரபின் அறமையமாகிய வழக்குரை இப்படைப்பில் இடம்பெறவில்லை. பேய் என்பது பார்ப்பதற்கு ஏற்றது. காணொளி போன்ற ஊடகத்துக்கு எளிதில் பொருந்துவது. மன்றம் என்பது கேட்பதற்குரியது. பொறுமையும் எதிர்த்தரப்பும் விடைகூறும் கடமையும் வேண்டுவது. தற்கால மறுஆக்கங்கள் பெரும்பாலும் பேயை எடுத்துக்கொண்டு மன்றத்தை விட்டுவிடுகின்றன. நாட்டார் கதை அச்சமூட்டும் கதை என்ற நிலையில் சுருங்கிவிடும் ஆபத்து இதிலேயே உள்ளது.

அன்-ஸ்கியின் மன்றமும் வெற்றி பெற்றதன்று. தீர்ப்பு வழங்கப்பட்டது, இறந்தவன் அதனை ஏற்கவில்லை. எனினும் அம்மன்றம் இறந்தவன் ஏற்காமல் இருப்பதற்கும் இடம் வைத்திருந்தது. திரையிட்ட அம்மூலையின் பொருள் அதுவே. அழைக்கப்பட்டவர் வந்து நின்றால் அவர்க்கு எங்கே இடம், அவர் மறுத்தால் அம்மறுப்பைக் கேட்பவர் யார் என்னும் வினாக்களை ரிஃப்கேயை அழைத்தவர்களிடம் எழுப்புவது திறனாய்வின் கடமையாகும்.